சுத்தமாக அச்சான தாள்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஒரு கணினிப் பக்கம் அச்சாகும்போது ஒரு வரியை விழுங்கியதால், என் தங்கை பார்வையை இழந்தாள். என் முறையீடு இதுதான்.

அவள் தையற்காரி. வலக்கண் சிறுவயதிலேயே அவிந்துவிட்டது. இடக்கண்ணை மட்டுமே நம்பி ஊசியில் நூல் கோத்து, ஒரு மகனையும் ஆளாக்கினாள். அன்று காலை அந்தக் கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்குகிறது என்றாள். தெருமுனைக் கண் மருத்துவர் சோதித்துவிட்டு, விழித்திரை உரிகிறது என்றார். பெரிய மருத்துவமனைக்கான பரிந்துரையைக் கணினியில் நிரப்பினார். பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டையொன்று தோன்றியது: ‘அவசரம். இன்றே அறுவை சிகிச்சை.’ ‘அறுவைச்’ என்று வல்லினம் மிக வேண்டும் என, ஆயுள் முழுதும் பிழை திருத்திய பழக்கத்தில் நான் சுட்டிக்காட்டினேன்.

"முதல்ல கிளம்புங்க சார்" என்றார் மருத்துவர். அச்சான தாளை உதவியாளர் உறையிலிட்டுக் கொடுத்தாள்.

பெரிய மருத்துவமனையின் பதிவு முகப்பில் இருந்த பெண் அதனை இருமுறை படித்தாள்.

"அவசரம்னு எங்கேயும் போடலையே ஐயா. சாதா வரிசையில உட்காருங்க, கூப்பிடுவாங்க."

"உச்சியில சிவப்பா இருந்ததும்மா. என் கண்ணால பார்த்தேன்."

"நீங்க பார்த்தது ஸ்கிரீன்ல. எனக்குப் பேப்பர்தான். எல்லாருமே அவசரம்னுதான் சொல்றாங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். பெயர், வயது, கண்ணழுத்தம் எல்லாம் ஓரம் கோணாமல் நின்றன. அந்தப் பட்டை மட்டும் இல்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வேறெங்கோ அறுவை அரங்கில் இருந்தார். உதவியாளர்தான் பேசினாள்.

"இங்க நல்லா சிவப்பா இருக்கே சார்! இருங்க, மறுபடி அனுப்பறேன்."

அச்சுக்கோப்பாக அவள் அனுப்பி, முகப்பில் அச்சாகி வந்த இரண்டாம் தாளும் அச்சு அசலாக முதல் தாளைப் போலவே இருந்தது. பொறுமையிழந்து பேனாவை எடுத்து, உச்சியில் அந்த வரியை நானே எழுதி நீட்டினேன்.

"என்ன ஐயா பண்ணிட்டீங்க! கையால எழுதினா தாளே செல்லாது. இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்க."

"ஆயுசு பூரா அடுத்தவங்க தாள்ல எழுதின கை, சும்மா கிடக்குமா?" என்று தங்கை சிரித்தாள்.

மூன்றாவதாக வந்த தாளிலும் பட்டை இல்லை. வரிசையில் அமர்ந்தோம். நான் எழுந்தெழுந்து முகப்புக்குச் சென்றேன். கல்லில் நார் உரிக்கும் வேலை. நண்பகல் கடந்தபின் தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உன் மூக்கு காணாமப் போச்சு."

"விளையாடாதே."

"விளையாடல. காது இருக்கு. நடுவுல கறுப்பா இருக்கு. கையைப் பிடிச்சுக்கோண்ணா."

விளக்கேற்றும் வேளையில் உள்ளே அழைத்தார்கள். "காலையிலேயே ஏன் கூட்டிட்டு வரல?" என்று கடிந்துகொண்டார் அங்கிருந்த மருத்துவர். மறுநாள் அறுவை நடந்தது. விழித்திரை ஒட்டியது, பார்வை திரும்பவில்லை.

தங்கை மகன் இத்தகைய கணினிப் பக்கங்களைச் செய்து பிழைப்பவன். அவனிடம் விளக்கம் கேட்டேன்.

"அச்சு சுத்தமா வரணும்னு, பட்டன், மெனு எல்லாம் இருக்கற மேல்பட்டைய மொத்தமா மறைச்சிடுவோம் மாமா. ஒரே ஒரு கட்டளைதான். அந்த அறிவிப்பையும் அதுக்குள்ளயே வெச்சிருக்காங்க."

"அச்செடுத்துப் பார்க்க மாட்டீங்களா?"

"பார்ப்போம். வந்தது ஒழுங்கா வந்திருக்கான்னு பார்ப்போம். வராததை யாரு மாமா தேடுவாங்க?"

"நீ செய்யற பக்கத்துலயும் இப்படித்தானா?"

அவன் தாயைப் பார்த்தான். அவள் துணியைத் தடவித் தையல் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஆமா மாமா" என்றான்.

அந்தப் பக்கத்தைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். ‘அச்சு வடிவம் சுத்தமாக உள்ளது, பிழை ஏதும் காணப்படவில்லை’ எனப் பதில் வந்தது. இலக்கணப் பிழையற்ற பதில். சென்ற வாரம் தெருமுனை மருத்துவரின் உதவியாளரிடம் ஒரு தாளை எடுத்துக் காட்டச் சொன்னேன். பட்டை இன்றும் வரவில்லை. அத்தகைய தாளோடு இப்போதும் எவரோ ஒருவர் சாதா வரிசையில் அமர்ந்திருப்பார்.

இவ்வெழுத்தால் ஏதும் மாறும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் கேட்கிறேன். கணினிப் பக்கம் செய்பவரே, அதிலிருந்து தாளெடுத்துப் பிறர் கையில் கொடுப்பவரே: இன்றே ஒன்றை அச்சிடுங்கள். திரையருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எது வரவில்லை என்று தேடுங்கள்.