டூகலின் முழங்கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்தது இல்லை. இன்வர்னஸில் ஒரு துணிக்கடையில் மழைக்கு ஒதுங்கியபோது கிடைத்தது. கண்ணாடி முன்னால் ஒரு ஆள், ஸ்காட்லாந்து ஆண்கள் முழங்கால் வரை கட்டும் கில்ட் பாவாடையைக் கட்டிக்கொண்டு, தன் காலையே முறைத்துப் பார்த்தபடி நின்றான்.

"கல்யாணத்துக்கா, முகாமுக்கா?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

"முகாமுக்கு" என்றவன் குரலை இறக்கினான். "அங்க இன்னொருத்தனும் கட்டிக்கிட்டு வருவான்."

நான் கேட்டது அவ்வளவுதான். மழை விட்டதும் வெளியே வந்துவிட்டேன். ஆனால் அந்த இன்னொருத்தன் என்னை விடவில்லை. யார் அவன்? அவன் கட்டினால் இவனுக்கு என்ன?

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு:

"ஹைலண்ட்ஸ் மலைகளின் மேல் மே மாத மூடுபனி மெல்ல விலகியபோது—" (வேண்டாம். பனி விலகினால் மலை தெரியும். மலை தெரிந்தால் நாலு பக்கம் அதையே எழுதித் தொலைப்பேன்.)

"லாக்லன் அடிப்படையில் நல்லவன். ஆனாலும்—" (இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே நீங்கள் அவனைச் சந்தேகப்படுவீர்கள்.)

"லாக்லனுக்கு வயிறு எரிந்தது."

இது சரி. இங்கிருந்தே போகலாம்.

லாக்லனுக்கு வயிறு எரிந்தது. ஒரு வருஷமாக எரிகிறது. டிங்வாலில் பேருந்து ஓட்டுகிறான், வீட்டில் மனைவி ஷீனா. அவள் சின்ன வயதில் ஊர் பைப் வாத்தியக் குழுவில் டிரம் அடித்தவள். பழைய குழுக்காரர்கள் எல்லாம் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். லாக்லனுக்கு வாத்தியம் எதுவும் வராது. பெண்டாட்டியோடு போவான், உருளைக்கிழங்கு உரிப்பான், அவர்களுடைய பழைய கதைகளுக்குச் சிரிப்பான், வருவான்.

போன வருஷம் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகி, கழுவ வைத்திருந்த பெரிய சூப் சட்டி மிதந்து போயிற்று. ஐயோ பேண்ட் நனையுமே என்று எல்லோரும் கரையில் தயங்கி நிற்க, குழுவில் ஒருவனான டூகல் மட்டும் கில்டோடு சரசரவென்று இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ச் சட்டியைப் பிடித்துவிட்டான். பின்னாலேயே லாக்லனும் இறங்கினான். டூகலின் கால் சற்று நேரத்தில் காய்ந்துவிட்டது. லாக்லனின் ஜீன்ஸ் அன்று முழுக்கக் காலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"கில்ட்டுன்னா அது டூகலுக்குத்தான்ப்பா" என்றாள் ஷீனா. "அவன் காலப் பாருங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். லாக்லனும் சிரித்தான். ஷீனா அப்போது டூகலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை மட்டும் அவனால் விழுங்க முடியவில்லை. தன்னையும் ஒரே ஒரு தடவை அவள் அப்படிப் பார்த்துவிட வேண்டும். கில்ட் வாங்கப் போனது அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை.

3

இந்த டூகலைப் பற்றி நான் கொஞ்சம் புலம்ப வேண்டும்.

முதல் படியில் அவனுக்கு நல்ல உயரம், செம்பட்டைத் தாடி என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த என் மனைவி, "டூகல் நல்லா வந்திருக்கான்" என்றாள். லாக்லனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் படியில் டூகலுக்கு வழுக்கை போட்டேன். "பாவம், ஆனா கம்பீரமாத்தான் இருக்கான்" என்றாள். மூன்றாம் படியில் தொப்பை வைத்தேன், குறட்டை விட வைத்தேன், பேச்சில் லேசான திக்கலும் கொடுத்தேன். "அந்தத் திக்கல்தான் அழகு" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நான் உண்டாக்கின ஆள். என் பேனாவில் சோறு தின்பவன். இந்த ஊரில் இத்தனை வருஷம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் குப்பை போட வாசலுக்குப் போகிறேன், ஒரு நாளாவது என் காலைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னதுண்டா?

(அடுத்த படியில் டூகலைக் கொன்றுவிடலாமா என்றுகூட— இல்லை. செத்தால் இன்னும் நல்லவனாகிவிடுவான்.)

4

கடைக்காரி எல்ஸ்பெத்துக்கு வாய் சும்மா இருக்காது. கனத்த கம்பளிக் கில்ட் ஒன்றை முதலில் எடுத்துப் போட்டாள்.

"இது ராஜா வீட்டு விருந்துக்குப் போகலாம். கதகதப்பு. ஆனா ஒரு தரம் நனைஞ்சுதுன்னா, லீவு முடியற வரைக்கும் காயாது ராசா."

"டூகல்கிட்ட இருக்கறது இதுதான்" என்றான் லாக்லன்.

"டூகல் யாரு?"

"யாருமில்ல. வேற காட்டுங்க."

அடுத்தது மெல்லிசு, விலை மலிவு. "இது கட்டிக்கிட்டு ஏரிக்கரையில நின்னா, ஒரு காத்து போதும். ஊரே கண்ணப் பொத்திக்கும்."

மூன்றாவது, சாம்பல் பச்சையில் கான்வாஸ் கில்ட். இரண்டு பக்கமும் ஆழமான பை. கத்தி, தீப்பெட்டி, டார்ச் எல்லாம் போட்டுக்கொள்ளலாம். வாருக்குப் பதில் அமுக்குப் பித்தான். காற்றுக்குத் தூக்காத கனம், சீக்கிரம் காயும், வீட்டிலேயே துவைக்கலாம்.

"இதுதான்" என்றான் லாக்லன். டூகலிடம் பை கிடையாது என்பது அவனுக்கு அவ்வளவு இனித்தது.

"அளவு எடுக்கட்டுமா?"

"என் இடுப்பளவு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, தன் பேண்ட் அளவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இதுவரை கில்டை அவன் கல்யாணங்களுக்கு வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறான். அப்போதெல்லாம் கடைக்காரனே அளந்து கட்டி அனுப்பிவிடுவான்.

5

தைத்து வந்த கில்ட் மூடவில்லை. முன்மடிப்பு வலப்பக்கம் வரை போய்ச் சேராமல் பாதியில் நின்றது. ஷீனா கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"பேண்ட் அளவையா குடுத்த? அட மக்கே! பேண்ட் உன் தொப்பைக்குக் கீழ தொங்குது. கில்ட் தொப்புள்ல உக்காரணும். மண்டி போடு."

"எதுக்கு?"

"போடுன்னா போடு. மண்டி போட்டாத்தான் நீளம் தெரியும். ஓரம் தரையில படக்கூடாது."

அவன் மண்டி போட்டான். அவள் டேப்பை வாயில் கவ்விக்கொண்டு, கட்டைவிரலால் அவன் தொப்புளை அழுத்திப் பிடித்து, சுற்றி வளைத்து அளந்தாள். "மூச்ச இழுக்காத. சாப்பிட்டப்புறம் என்ன அளவோ அதுதான் நிஜம்."

கை அவ்வளவு வேகம். எங்கும் தடுமாறவில்லை. லாக்லனுக்கு உச்சிமண்டை குளிர்ந்தது, சந்தோஷம்தான். பிறகு ஒன்று தோன்றியது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"எங்க குழுவுக்கு முதல் கில்ட் தைக்கறப்போ டூகலுக்கு நான்தான அளவு எடுத்தேன்" என்றாள், டேப்பைச் சுருட்டியபடி.

டூகலும் மண்டி போட்டிருக்கிறான். அதே கட்டைவிரல் அவன் தொப்புளிலும் இருந்திருக்கிறது. லாக்லன் எழுந்திருக்கவே மறந்துவிட்டான்.

(இந்த இடத்தில் அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் கேட்க வைக்கவில்லை. கதை நீளட்டுமே என்ற அற்ப ஆசைதான்.)

கில்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவன் தினமும் கண்ணாடி முன் தாழ்ந்த முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பழகினான். மடிப்பைப் பின்னால் தடவிவிட்டு உட்கார வேண்டும், முன்மடிப்பை இரண்டு காலுக்கும் நடுவில் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவருக்குச் சாப்பாடு இறங்காது.

6

முகாமுக்குப் போனார்கள். கூடாரங்களுக்கு நடுவிலிருந்து டூகல் வந்தான்.

பேண்ட் போட்டிருந்தான். சாதாரண மழைப் பேண்ட், முனையைக் காலுறைக்குள் திணித்து.

"டேய் லாக்லன்! என்னடா இது, மாப்பிள்ளை மாதிரி!"

"நீ... கட்டலையா?"

"போன வருஷம் இந்தப் புல்லுல உண்ணி கடிச்சு, காய்ச்சல்ல விழுந்து எந்திரிக்கவே முடியல. இனி ஜென்மத்துக்கும் முகாம்ல வெறுங்கால் கிடையாதுப்பா. ஏன், ஷீனா சொல்லலையா?"

லாக்லன் திரும்பினான். ஷீனா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பார்த்தான். அத்தனை பேரும் பேண்டில் இருந்தார்கள். கில்டில் அவன் ஒருத்தன்.

டூகல் போன பிறகு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கண்ணாடி முன்னால அவ்ளோ ஆசையா சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டிருந்த."

"அவன் உங்கிட்ட எப்பப் பேசுனான்?"

"போன்ல."

"அடிக்கடி பேசுவீங்களோ?"

"லாக்கி."

"கேக்கறேன்ல?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

7

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: "எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்ல" என்கிறாள் ஷீனா. நீங்கள் நம்புகிறீர்கள். லாக்லன் நம்பவில்லை. அடுத்த மே மாதமும் இதே கதை.

இரண்டு: புயல் அடிக்கிறது. டூகலின் கூடாரம் பறக்கிறது. லாக்லன் கில்ட் பையிலிருந்து கயிற்றை எடுத்து— (சீ. எனக்கே கூசுகிறது.)

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஷீனா தானாகப் பேசிவிட்டாள்.

"ஆமா. ஒரு காலத்துல அவன்மேல எனக்கு ஆசை இருந்துச்சு. உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி. நானே போய்ச் சொன்னேன். அவன் வேண்டாம்னுட்டான். போதுமா?"

நான் பேனாவை வைத்துவிட்டேன். லாக்லன் உடைந்து போவான், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவான் என்றுதான் நினைத்தேன். அவன் முகம் சிவந்தது.

"வேண்டாம்னானா? உன்னையா?"

"ஆமா."

"எதுக்காம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் கேக்கல."

"உன்னை வேண்டாம்னு சொல்ல அவன் யாருடி? என்ன பெரிய இவனா?"

"லாக்கி, அவன் வேண்டாம்னதுல உனக்குச் சந்தோஷமா, கோவமா?"

"ரெண்டும்தான்!" என்று கத்தினான். கத்திவிட்டு, டூகலின் கூடாரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

8

இதோ போய்க்கொண்டிருக்கிறான். ஈரப் புல்லில் வெறுங்கால் தெரிய, கனத்த மடிப்புகள் பின்னால் அசைய, கையை முஷ்டி பிடித்துக்கொண்டு. டூகல் ஒன்றும் அறியாமல் குனிந்து தீயை ஊதிக்கொண்டிருக்கிறான். இவன் போய் அவனை அடிப்பானா, கையைப் பிடித்து நன்றி சொல்வானா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். நான் எழுதினால் அதிலும் டூகல்தான் நல்ல பெயர் வாங்குவான், அதனால் எழுத மாட்டேன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. ஷீனா அணைந்த அடுப்பின் பக்கத்தில் எழுந்து நிற்கிறாள். போகிறவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன வருஷம் ஓடைக்கரையில் டூகலைப் பார்த்தாளே, அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

அவனோ விறுவிறுவென்று போய்க்கொண்டே இருக்கிறான். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. நீங்களாவது கொஞ்சம் சத்தமாக, அவனைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.