தாழ்ப்பாள் இல்லாத வாசல்

பிளாஸ் எவெர்ன் வீட்டுப் பெரியவர் மடோக், அடக்கம் நடந்த அன்று சாயங்காலமே திரும்பி வந்து, கணப்புக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பூட்ஸில் கல்லறை மண் இருந்தது. சமையற்காரி மாலி அதைத் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த ஆட்டுக்கறியை உள்ளே கொண்டுபோனாள், செத்தவர்கள் சாப்பிடுவதில்லை. அந்த வாரம் எல்வி பள்ளத்தாக்கில் கம்பளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாள் பாதிரியார் ஆட்களோடு வந்து அவரை மறுபடி புதைத்தார். இருட்டுவதற்குள் அவர் மறுபடி வந்துவிட்டார். யாரும் பயப்படவில்லை. எங்கள் வேல்ஸ் பக்கத்தில் வீட்டுப் புலவர் இரங்கற்பா பாடாமல் எந்தப் பெரிய மனிதரும் மண்ணுக்குள் தங்கியதில்லை. “யாரு பாடினது?” என்று மட்டும் பாதிரியார் கேட்டார். யாரும் பாடவில்லை. எல்லோரும் மூத்த மகன் எடெர்னைப் பார்த்தார்கள்.

எடெர்ன் ஆக்ஸ்போர்டிலும் பிறகு இத்தாலியில் பாதுவாவிலும் படித்தவர். பாதுவாவில் ஒரு விருந்தில் யாரோ, “உங்க ஊர்ல பேசுறதுக்கு எழுத்து உண்டா?” என்று கேட்டபோது, அன்று இரவு முழுக்க அழுதவர். வேல்ஸ் மொழியை லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் சமமாக உட்கார வைக்க வேண்டும், அச்சில் ஏற்ற வேண்டும், பெரிய அகராதி ஒன்று செய்ய வேண்டும் என்று பெட்டி நிறையப் புத்தகங்களோடு ஊர் திரும்பினார். ஆடு மேய்க்கிறவர்களிடமும் கொல்லர்களிடமும் போய் உட்கார்ந்து சொல் சேகரித்தார். ஒரு இலையுதிர் காலத்தில், வாசல் பக்கமாக நூல் நூற்றுக்கொண்டு போன ஒரு பெண்ணை நிறுத்தி, ஒரு மத்தியானம் முழுக்கக் கம்பளிக்கு உள்ள சொற்களையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மொழியை நேசித்தார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பொய் கலந்த மொழியைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல வீட்டுப் புலவர் கினான் யாழோடு வந்தார். மடோக்கின் வாசலுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அவருடைய தேன்மதுப் பீப்பாய்க்கு அடி கிடையாது, அவர் வாசலில் யாரும் குளிரில் நின்றது கிடையாது என்று பாடினார். மடோக் ரொட்டியை எண்ணி வைக்கிற மனிதர் என்பது பள்ளத்தாக்குக்கே தெரியும். எடெர்ன் எழுந்து நின்றார்.

“புலவரே, தாழ்ப்பாள் இல்லேன்னீங்க. நேத்து அதே தாழ்ப்பாள்லதான் என் விரல் நசுங்குச்சு. பாருங்க.”

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒரு மாமன், “பீப்பாய்க்கு அடி இருக்குப்பா, நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்!” என்று கத்தினார். மடோக் மட்டும் சிரிக்கவில்லை. எடெர்ன் மேடைப் பேச்சாளர் போலக் கையை நீட்டி, நம் மொழியைக் கெடுப்பது அந்நியர்கள் அல்ல, முகஸ்துதிதான் என்றார். இனி உண்மையை மட்டுமே பாடுவதாக யாழின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். கினானுக்கு ரோஷம் அதிகம். செய்துவிட்டார். அப்படிச் செய்த சத்தியத்தை மீறினால் யாழ் அதன்பிறகு ஒலிக்காது.

ஈஸ்டருக்கு ஒரு வீட்டில் கினான், அந்த வீட்டுக்காரர் தன் தம்பியின் நிலத்துக்குள் எல்லைக்கல்லை நகர்த்தியதைப் பாடினார். இன்னொரு வீட்டில், மூதாதை இளவரசர் அல்ல, இளவரசரின் குதிரைக்கு லாடம் அடித்தவர் என்று பாடினார். பிறகு எந்த வீடும் அவரை அழைக்கவில்லை. மலைமேல் ஒரு ஆட்டுப்பட்டியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து மடோக் இறந்தபோது, மற்றப் புலவர்கள், கினானை அவமதித்த வீட்டுக்குப் பாட வர மாட்டோம் என்றார்கள்.

எடெர்ன் தானே பாடிப் பார்த்தார். லத்தீனில் அருமையான இரங்கலுரை ஒன்றை வாசித்தார். மடோக் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். தாய்மொழியில், கிரேக்க அணிகள் எல்லாம் வைத்து ஒன்று எழுதினார். மடோக் கொட்டாவி விட்டார். “தம்பி, போய் அந்த மனுஷன் கால்ல விழுங்க. நான் எத்தனை நாளைக்குத்தான் இவரச் சுத்திக் கூட்டுறது?” என்றாள் மாலி.

எடெர்ன் மலைமேல் ஏறிப் போனபோது கினான் ஆட்டுக்குட்டியின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“வாங்க சின்னவரே. பாத்து, இத்தாலி பூட்ஸ்ல சாணி ஒட்டிரப்போகுது.”

“அப்பா படுக்க மாட்டேங்கிறார், புலவரே. அந்தச் சத்தியத்த விட்டுருங்க. நான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா? அது எனக்கும் யாழுக்கும் உள்ளது.” ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டார். “ஒண்ணு கேக்கிறேன். உங்க விரல் நசுங்கினது என்னிக்கு?”

“பண்டிகைக்கு முந்தின நாள்.”

“நான் பாடுறதுக்கு முன்னாடி. பாடின மறுநாள் காலையில என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. சின்ன வயசுலேயே லத்தீன் படிக்கப் போயிட்டீங்க. முகம் செவந்துபோய், குறடு எடுத்துட்டு வந்து, உங்கப்பாவே தாழ்ப்பாளக் கழட்டுவாரு. அத்தனை பேர் முன்னாடி இல்லேன்னு பாடியாச்சே, என்ன பண்றது? பனி உருகுற வரைக்கும் வாசல் தெறந்தே கெடக்கும். வழிப்போக்கன் எவன் வேணா உள்ள வரலாம். நீங்க எல்லாரையும் சிரிக்க வெச்ச அந்த வருஷம் அவரு கழட்டல.”

எடெர்னுக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து பன்னிரண்டாம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலையில், வாசலுக்கு வெளியே ஒரு பெண் நூல் நூற்கும் கதிரைப் பிடித்தபடி விறைத்துக் கிடந்தாள். கம்பளிச் சொற்களைத் தந்த அதே பெண். அகராதியில் அவள் சொற்கள் அத்தனையும் இருந்தன.

“அவ பேரு என்ன?” என்று கேட்டார்.

“லெய்கி,” என்றார் கினான். “நீங்க கேக்கவே இல்லியா?”

எடெர்ன் வீட்டுக்கு வந்து குறடை எடுத்தார். துருப்பிடித்திருந்ததால் நேரமானது, அதே விரல் மறுபடி நசுங்கியது. அடுத்த பண்டிகைக்குக் கினான் அந்த வாசல் வழியாக வந்து, மடோக்கின் வாசலுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று பாடினார். அது உண்மை, யாழ் ஒலித்தது. மடோக் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னும் வரிகள் பாக்கி இருந்தன.

அதற்குப் பிறகு எடெர்ன் செய்ததெல்லாம் அந்தப் பாட்டின் வரிகளை ஒவ்வொன்றாக உண்மையாக்கியதுதான். பீப்பாய் காலியாவதற்குள் அடுத்த பீப்பாய் வந்தது. ரொட்டியை எண்ணுவது நின்றது. அகராதி கம்பளிச் சொற்களோடு நின்றுபோனது. வருஷா வருஷம் கினான் ஒரு வரி கூடுதலாகப் பாடினார். அவர் பாடப் பாட மடோக்கின் கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூடின. கடைசியில், அவர் வாசலில் யாரும் குளிரில் நின்றதில்லை என்ற வரி மட்டும் மிஞ்சியது. அந்த இடம் வந்ததும் கினான் நிறுத்திவிட்டு யாழை உறையில் போட்டார். ஏன் என்று எடெர்ன் கேட்கவில்லை, லெய்கி அந்த வாசலில்தான் கிடந்தாள். அடுத்த வருஷமும் அந்த இடத்தில் நிறுத்தினார். கினான் சாகும்வரை அப்படித்தான்.

எடெர்ன் இறந்தபோது அவருக்கு நன்றாகவே பாடினார்கள். அவர் மண்ணுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். ஆனாலும் சாயங்காலம் எழுந்து வந்து அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் இப்போதும் அங்கேதான். பனிக்காலத்தில் வழிப்போக்கர்கள் தட்டாமல் உள்ளே வருகிறார்கள், இருவருக்கும் தலையசைத்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து குளிர் காய்கிறார்கள். அப்போது எடெர்ன் வந்தவரின் பெயரைக் கேட்பார். வந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார்கள்.