அவர் பேரில் அவள் படித்த பாடம்

பால் பொங்குவதற்குள் இன்னும் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது அவளுடைய அவசரம். மிக்ஸிக்குப் பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் ஒரு பேராசிரியர், மருந்துக் கடைகளில் நடக்கும் தவறுகளைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டியைப் பிடித்தபடி, மறு கையின் சுண்டுவிரலால் 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தினாள்.

"என்ன, நான் எவ்வளவு தூரம் படிச்சிருக்கேன்?" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாதிக்கு மேல தாண்டிட்டீங்க. முதல் பரீட்சையில முழு மார்க்."

"என் மூளையைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு."

"இருக்காதா பின்ன? ரெண்டு தலை சேர்ந்து ஒரு தலையா வேலை செய்யுதே! டிபன் டப்பாவை மறக்காம எடுத்துக்கோங்க, பேராசிரியரே."

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார். தெருமுனை மருந்துக் கடை அவருடையது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி அதை இறக்கும்வரை நின்றபடியே வேலை. மருந்தாளுநர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் தொடர்கல்விப் பாடங்களைப் படித்து முடித்திருக்க வேண்டும். அதற்கு அவர் எங்கே போவார் நேரத்துக்கு? மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அவளும் மருந்தியல் படித்தவள்தான். அவர் பேரில் அவளே பாடத்தைத் திறந்து, அவளே கேட்டு, அவளே பதில் எழுதிவிடுவாள். களைத்து வரும் மனிதருக்குக் கால் பிடித்துவிடுவதைப் போல இதையும் ஒரு பணிவிடையாகவே நினைத்தாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பாடங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். பாடம் சரியாக இருக்கிறதா, நடத்துகிறவருக்குத் தகுதி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இன்று ஓடிக்கொண்டிருந்த பாடத்துக்கும் அவள்தான் ஒப்புதல் தந்திருந்தாள். படிப்பவர் தானே படித்தார் என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள் என்று குழு கேட்டிருந்தது. 'ஒவ்வொருவருக்கும் சொந்தக் கடவுச்சொல் உண்டு' என்று பாடத்தை நடத்தும் நிறுவனம் பதில் அனுப்பியது. அவளும் சரி என்று குறித்துவிட்டாள்.

அவள் கணவரின் கடவுச்சொல், வீட்டில் அவர் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயர்.

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரையைக் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்? எந்தக் கிழமை என்பதை உறைமேல் முழுதாக எழுதி, அதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்ற பதிலை அவள் தேர்ந்தெடுத்தாள். பச்சை நிறத்தில் 'சரி' என்று வந்தது. நல்ல பாடம்தான், ராத்திரி அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பால் பொங்குமுன் அடுப்பை அணைத்தாள். ராத்திரி அவர் சாப்பிடும்போதே தூங்கி வழிந்ததில் சொல்ல மறந்துபோனாள்.

சில வாரங்கள் போயின. ஒரு மாலை நேரம், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அதைப் பிளந்துகொண்டு ஒரு குரல் வந்தது.

"டேய் மாத்திரை! எனக்கு முதல்ல குடுடா. வேனை நடு ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன்."

கணவரின் அக்காள் அது. தம்பிக்கு அவள் வைத்த பட்டப்பெயர்தான் 'மாத்திரை'. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் வைத்த 'வேன் அக்கா' என்ற பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். கொஞ்ச காலமாகக் காலை நேரத்தில் விரல் மூட்டுகள் வீங்கி, ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாமல் தவித்தாள். பெரிய டாக்டரிடம் காட்டி, புதிதாக மருந்து எழுதி வாங்கி வந்திருந்தாள்.

"கூட்டத்துல மானத்தை வாங்காதக்கா."

"உனக்கு ஏதுடா மானம்? அரைக்கால் சட்டையில இருந்து பாக்குறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடியே மருந்துகளை எடுத்தார். சீட்டில் இரண்டு மருந்துகள். ஒன்று, மூட்டுவலிக்கு வாரம் ஒரு முறை மட்டும் போட வேண்டிய வீரியமான மாத்திரை. மற்றொன்று தினமும் போட வேண்டிய வைட்டமின். இரண்டுமே சின்னதாக, மஞ்சளாக இருக்கும். கடையில் உறைக்கு ஒட்டும் சீட்டை அச்சடிக்கும் மெஷின், மாற்றி அமைக்காவிட்டால் எல்லா மருந்துக்கும் 'தினம் ஒன்று' என்றே அடிக்கும். வெளியே வேனுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. மெஷினில் வந்ததைக் கிழித்து இரண்டு உறைகளிலும் ஒட்டினார்.

"எப்படிடா சாப்பிடணும்?"

"அதுலயே எழுதியிருக்கு பாருக்கா. சாப்பாட்டுக்கு அப்புறம்."

"சரி சரி. நீ குடுத்தா கண்ணை மூடிக்கிட்டு முழுங்க வேண்டியதுதான்."

அக்கா போய்விட்டாள். அவர் அடுத்தவரின் சீட்டை வாங்கினார்.

பத்து நாள் கழித்து, வேன் வரவில்லை என்று பிள்ளைகளின் பெற்றோர் கடைக்கு வந்து கேட்ட பிறகுதான் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதே தெரிந்தது. மனைவி ஓடிப்போய்ப் பார்த்தாள். கட்டிலில் சுருண்டு கிடந்தாள் வேன் அக்கா. உதடெல்லாம் வெடித்து, வாய்க்குள் புண். கைகளில் அங்கங்கே நீலத் திட்டுகள். நெற்றி கொதித்தது.

"சூடும்மா, வேறொண்ணுமில்லை. இன்ஜின் மேலயே உட்கார்ந்திருக்கேன்ல?" பேச்சு குழறியது. தண்ணீரை விழுங்கும்போது அக்காவின் கண்களில் நீர் வந்தது.

மனைவியின் பார்வை மேசைமேல் இருந்த உறைகளில் விழுந்தது. ஒன்றை எடுத்தாள். மருந்தின் பெயரைப் படித்தாள். கீழே 'தினம் ஒன்று'.

"அண்ணி... இதை தினமும் சாப்பிட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடலையே. உன் புருஷன் குடுத்ததாச்சே!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். "மாத்திரையோட விஷத்தை முறிக்க மருந்து குடுத்திருக்கோம். ரத்தத்துல வெள்ளை அணுக்கள் ரொம்ப இறங்கிப்போச்சு. அது தானா ஏறணும். அதுவரைக்கும் எந்தக் கிருமியும் அண்டாம இருக்கணும். காத்திருக்கிறதைத் தவிர வேற வழியில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தாழ்வாரத்து பெஞ்சில் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலேஜ்ல படிச்சதுதான். எனக்குத் தெரியாதது இல்லை. நம்ம கடைக்கு இந்த மருந்துச் சீட்டு எப்பவாவதுதான் வரும். கூட்டம்... ஹாரன்... கை தன்பாட்டுக்கு ஒட்டிடுச்சு." தலையை நிமிர்த்தினார். பிறகு கேட்டார். "அந்தப் பாடத்துல இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கேள்வி கேட்டாங்களா?"

"ம்."

"நான் என்ன பதில் சொன்னேன்?"

"சரியா சொன்னீங்க" என்றாள். அதற்கு மேல் தாங்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில நாட்கள் கழித்து அவள் அங்கீகாரக் குழுவின் கூட்டத்தில் எழுந்து நின்றாள். நடந்தது எதையும் மறைக்கவில்லை. கணவரின் பேரில் படித்ததைச் சொன்னாள். அந்தக் கடவுச்சொல் என்னவென்றும் சொன்னாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"நேர்ல உட்கார்ந்து, ரெண்டு கேள்விக்காவது வாயால பதில் சொல்ற மாதிரி மாத்துங்க. அதுவரைக்கும் இந்தப் பாடத்தோட அங்கீகாரத்தை நிறுத்தி வைங்க."

பாடத்தை நடத்தும் நிறுவனத்தின் அதிகாரி பணிவாகவே பேசினார். "மேடம், உங்க வருத்தம் புரியுது. எங்க பாடத்துல என்ன குறை? சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கே. திருட்டுத்தனமா உட்கார்ந்தது..." அவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். அவர் சொன்னது உண்மை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க இருக்கிறவங்க வீட்லயும் கேட்டுப் பாருங்கம்மா. பாதிப் பேரு பாடத்தை ஓடவிட்டுட்டு வேற வேலை பாக்குறாங்க. எல்லாரையும் நேர்ல வரச் சொன்னா ஊர்ல மருந்துக் கடையே திறந்திருக்காது. பாக்கலாம், பேசலாம்."

பேசினார்கள். கணவரின் சான்றிதழ் ரத்தானது, கடையை மூடச் சொன்னார்கள். அவளுடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். பாடத்தின் அங்கீகாரம் அப்படியே இருந்தது. 'கடவுச்சொல்லைப் பிறரிடம் பகிரக் கூடாது' என்று ஒரு வரியை முதல் பக்கத்தில் சேர்ப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

படியிறங்கும்போது குழுவிலிருந்த ஓர் அம்மாள் அவள் தோளைத் தொட்டாள். "நானும் என் பையனுக்கு இந்தப் பரீட்சையை எழுதிக் குடுத்திருக்கேம்மா" என்று காதோடு சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைய அவளுக்கும் முகக்கவசம் கட்டிவிட்டார்கள். கணவர் அக்காவின் தலைமாட்டில் நின்றிருந்தார். அணுக்கள் இன்னும் ஏறவில்லையாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இன்றைக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரையை வைத்து, "குடுங்க சார்" என்று அவர் கையில் தந்தாள். அவர் மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து, மறு கையில் தண்ணீரோடு குனிந்தார்.

"அக்கா, வாயைத் தொற."

வேன் அக்கா வாயைத் திறக்கவில்லை. தம்பியின் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு கண்களை மெல்லத் திருப்பி நர்ஸைப் பார்த்தாள்.

"இது... தினமா, வாரமா?"

"தினம்தாம்மா. பயப்படாம போடுங்க" என்றாள் நர்ஸ்.

அதன் பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். தம்பியின் முகம் போன போக்கைக் கண்டு, வெடித்த உதட்டோடு சிரிக்க முயன்றாள். "கோவிச்சுக்காதடா மாத்திரை. வாய் தன்னால கேட்டுடுச்சு."

அவர் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. மனைவி பக்கத்தில் போய் நின்றாள். தொடுவதற்குக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

"உங்களுக்கு ஓய்வு குடுக்கறதா நினைச்சேங்க" என்றாள் மெதுவாக. "ஆனா அந்தப் படிப்பு உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. உங்க கடை வாசல்ல வந்து கையை நீட்டுறாங்களே, அவங்களுக்காக வெச்சது. சான்றிதழை யார் வேணா வாங்கிக் குடுத்துடலாம். பாடம், மாத்திரை எடுக்கிற கைக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் படிச்சா, நடுவுல சாகக் கிடக்கிறது மூணாவது ஆள்."

அவர் திரும்பவில்லை. கட்டிலில் அக்கா கண்களை மூடிக்கொண்டிருந்தாள். வீங்கிய விரல்கள் போர்வையின் விளிம்பைச் சுற்றி வளைந்திருந்தன, வேனின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதைப் போல.