பேசி முடிவு செய்யவும்

ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவர் அவர்கள். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை, ஒருவருக்கொருவர் சகலை. இருவருக்கும் ஒரே தொழில். வேலை பார்ப்பது மட்டும் போட்டியான இரண்டு இணையச் சேவை நிறுவனங்களில்.

இரண்டு மாதமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் பெரிதல்ல. மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சின்ன மாப்பிள்ளை, "மழை பெஞ்சா சகலை கம்பெனி லைனுக்குக் குடை பிடிக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கூடவே தன் மனைவியும் சிரித்ததுதான் பெரிய மாப்பிள்ளைக்குத் தைத்தது.

இந்த நிலையில்தான் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் வேலை வந்தது. அதன் தலைமை ஆய்வகம் பெரிய மாப்பிள்ளையின் நிறுவன வலையில் இருந்தது. ஆறு கிளைகள் சகலையின் நிறுவன வலையில். இரண்டையும் சேர்த்து, வெளியார் யாரும் நுழைய முடியாத தனி வழி ஒன்று போட வேண்டும். விபிஎன் என்பது அதுதான். ஒரே வலைக்குள் என்றால் அரை மணி நேர வேலை. இரண்டு நிறுவனங்களைத் தாண்டிப் போடுவது, நடுச்சுவர் பொதுவான இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கதவு வைப்பது போன்றது. அவரவர் பக்கத்துத் தாழ்ப்பாளை அவரவர்தான் திறக்க முடியும்.

இங்கே தாழ்ப்பாள் என்பது ஓர் எண். ஒவ்வொரு நிறுவனமும் தான் அனுப்பும் கணினி முகவரிகளின் மேல் ஓர் எண்ணை ஒட்டி அனுப்பும். எதிர்ப்பக்கத்து ரூட்டர் அதே எண்ணை எதிர்பார்த்திருந்தால் உள்ளே விடும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ஆகவே இருவரும் ஒரே எண்ணை வைத்தாக வேண்டும். எந்த எண்? மேலதிகாரிகள் கையெழுத்திட்ட ஆறு பக்கத் திட்டத்தில், 'பொது எண்' என்ற கட்டத்துக்குள், 'இரு தரப்புப் பொறியாளர்களும் பேசி முடிவு செய்யவும்' என்று அச்சடித்திருந்தது.

காலையிலேயே பெரிய மாப்பிள்ளையை அவருடைய மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாலு மணிக்குள்ள நம்ம திரையில கிளைங்க தெரியலன்னா, தலைமை ஆய்வகத்தையும் கிளைங்க இருக்கிற கம்பெனிக்கே மாத்திக்கிறோம்னு கஸ்டமர் எழுதிட்டாங்க. அப்புறம் இந்தப் பிரிவுல உங்களுக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க?"

சொல்லிக்கொண்டே ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினார். இடமாற்ற உத்தரவு. ரயிலில் பதினோரு மணி நேரம் போக வேண்டிய ஊர். தேதி மட்டும் காலியாக இருந்தது. மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். போவதானால் அவர் தனியாகத்தான் போக வேண்டும்.

பெரிய மாப்பிள்ளை எதையும் நோட்டில் எழுதி வைக்கிறவர். 11.40: நம் பக்கம் 210 போட்டாயிற்று. 11.55: கிளைகள் எதுவும் வரவில்லை. கீழே விழுந்தவற்றின் பட்டியலைப் பார்த்தார். எல்லாம் 340. அது சகலை வைத்த எண்.

"போன் போட்டுக் கேளுங்களேன் சார், உங்க சகலைதானே?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"மெயில் போட்டிருக்கேன்."

"அது நம்ம மேனேஜருக்குப் போயி, அங்கேருந்து அவங்க மேனேஜருக்குப் போயி, அவரு பாத்துட்டு உங்க சகலைக்கு அனுப்பி... அதுக்குள்ள தபால்காரர் நடந்தே வந்துடுவார் சார்."

அவர் ஒன்றரை மணிக்கு மனைவிக்குப் போன் செய்து இடமாற்ற விஷயத்தைச் சொன்னார். அவள், "ம்... சரி, வைங்க" என்று சட்டென்று வைத்துவிட்டாள். அதுவும் தைத்தது.

2.10: நம் பக்கம் 340 ஆக மாற்றம். அப்படித்தான் எழுதினார். விட்டுக்கொடுத்தாயிற்று, விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. கிளைகள் தாமே வந்துவிடும் என்று காத்திருந்தார். மூன்று மணியாயிற்று, ஒன்றுகூட வரவில்லை.

சகலை வேண்டுமென்றே செய்கிறார் என்று தோன்றியது. வேலை கெட்டால் ஒப்பந்தம் முழுதும் யாருக்குப் போகும்? யோசிக்க வேண்டியதே இல்லை. அந்தக் கோபத்திலேயே 3.35க்கு மறுபடி பட்டியலைத் திறந்தார்.

எல்லாம் 210. அவருடைய எண்.

'என் நம்பரை வச்சே விளையாடுறாரா?' என்று பல்லைக் கடித்தவர், முதல் 210 வந்து விழுந்த நேரத்தைப் பார்த்தார். 2.11. நோட்டைப் பார்த்தார். 2.10. இவர் 340க்கு மாறிய அடுத்த நிமிடம் சகலை 210க்கு மாறியிருக்கிறார். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இருவர், வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள்.

210 என்று அடித்துவிட்டு என்டர் மேல் விரலை வைத்தார். சகலையும் இதே நேரம் பட்டியலைப் பார்த்திருந்தால்? விரலை எடுத்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சகலைக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாயிற்று.

"சொல்லுங்க சகலை."

"இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"பழைய நம்பருக்கே போறேன். 340 அடிச்சாச்சு, என்டர்தான் பாக்கி."

"கையெடுங்க! கீபோர்டுலேருந்து கையெடுங்க அய்யா!"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. ரெண்டு கையையும் தூக்கிட்டு, போலீஸ் பிடிச்சவன் மாதிரி உக்காந்திருக்கேன். போன் தோள்ல நிக்குது. எதுக்குன்னு சொல்லுங்க."

சொன்னார். எதிர்ப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சரி, நான் 340ல இருக்கேன். நீங்க உங்க நம்பரையே போடுங்க" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"அதெப்படி? உங்க நம்பரே இருக்கட்டும்."

"இல்ல சகலை, நீங்க..."

"மணி என்ன பாத்தீங்களா? இப்படியே மரியாதை பண்ணிட்டிருந்தா விடிஞ்சிடும். நான் சின்னவன், இருக்குற இடத்துலயே இருக்கேன். நீங்க அழுத்துங்க."

3.46க்கு அழுத்தினார். முதல் கிளை தெரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஆறாவதற்கு மட்டும் நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் இருவரும் போனை வைக்கவில்லை.

"வராம போனா உங்க கம்பெனிக்குத்தானே லாபம். எதுக்கு மாத்துனீங்க?"

"கம்பெனிக்கு லாபம். எனக்கு என்ன? அக்கா மத்தியானமே எங்க வீட்டுல சொல்லிடுச்சு. உங்களை அங்க தூக்கிப் போட்டா, அக்கா தினம் போன் போட்டு அழும், இவளும் கூடச் சேந்து அழுவா. அந்தக் கச்சேரியை யாரு கேக்குறது?"

மனைவி எதற்காகச் சட்டென்று போனை வைத்தாள் என்பது பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் புரிந்தது.

"சகலை, அந்தக் குடை விஷயம்..."

"மழை வரட்டும், பாத்துக்கலாம்" என்று சகலை போனை வைத்தார்.

மேனேஜர் திரையில் ஆறு கிளைகளையும் விரலால் எண்ணிப் பார்த்தார். உத்தரவைக் கிழிக்கவில்லை, இரண்டாக மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

பெரிய மாப்பிள்ளை திட்டத்தை எடுத்து, கட்டத்துக்குள் 210 என்று எழுதினார். நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டார். எதிர்த்தரப்புக் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"குடுங்க சார், ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பிடுறேன்" என்று கை நீட்டினாள் பக்கத்து இருக்கைக்காரி.

"வேணாம்மா" என்று தாளை உறைக்குள் போட்டுக்கொண்டார் அவர். "சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கமாத்தான் போறேன்."