சொந்த விருப்பத்தின் பேரில்

தம்பிக்குக் கணக்கில் இருபத்தொன்பது மதிப்பெண். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அவனை அழைத்துக்கொண்டு போய்விடச் சொன்னார் தலைமையாசிரியர் ஃபாதர். அப்பாவுக்கு ஷிப்ட் என்பதால் நான்தான் போயிருந்தேன்.

"பன்னிரண்டு வருஷமா நூறு சதவீதம் தேர்ச்சி. உன் தம்பியால கெடக் கூடாது பாரு," என்றார். குரலில் கோபமே இல்லை. "நாங்க அனுப்பினதா இருக்கக் கூடாது. சொந்த விருப்பத்தின் பேரில் மாறுறதா ஒரு கடிதம் கொடுத்துடு. நல்ல பையன், அவனுக்காக ஜெபம் பண்றேன்."

வெளியே மாதா சிலை அருகே தம்பி ஷூ நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். "என்னண்ணா, சீட்டு கிழிஞ்சிடுச்சா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

நான் மாலை வகுப்பில் படிப்பதே அலுவலகக் கடிதம் எழுதத்தான். அன்று பாடம் காதில் ஏறவில்லை. கடைசி பெஞ்சில் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் கெட்ட வார்த்தை இருந்தது. மற்ற மூன்றும் கெஞ்சின. ஐந்தாவதில் நடந்ததை மட்டும் எழுதினேன்: 'தேர்ச்சி விகிதம் குறையும் என்று தாங்கள் கூறியதால், தங்கள் உத்தரவுப்படி என் தம்பியை நிறுத்துகிறேன்.' தேதியும் நேரமும் போட்டேன். சரியாகத்தான் எழுதினேனா என்று இப்போதும் சந்தேகம்.

மறுநாள் காலை இரண்டு பிரதி கொண்டுபோனேன். அலுவலக கிளார்க் படிக்கவில்லை. "டிசி லெட்டரா? இந்த வாரத்துல ஏழாவது," என்று என் பிரதியில் 'பெறப்பட்டது' முத்திரை குத்திக் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் ஃபாதர் கூப்பிட்டார்.

"என்னப்பா இது?"

"நீங்க சொன்னதுதான் ஃபாதர். ஒரு வார்த்தை கூட்டல."

"கிழிச்சிட்டு வேற எழுது."

"முத்திரையோட என்கிட்ட ஒண்ணு இருக்கு. கல்வி அலுவலகம் ரெண்டு ஸ்டாப்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அவனை வகுப்புக்குப் போகச் சொல்லு."

மேசையில் கோப்பு திறந்து கிடந்தது. புரட்டினேன், அவர் தடுப்பதற்குள் ஆறு கடிதம் பார்த்துவிட்டேன். வெவ்வேறு கையெழுத்து, ஒரே வரி: 'சொந்த விருப்பத்தின் பேரில்.' ஒன்றில் கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. ரேகை வைத்தவருக்கு அந்த வரியை யாராவது படித்துக் காட்டியிருப்பார்களா?

"இவங்கல்லாம் ஃபாதர்?"

"உன் வேலை முடிஞ்சுதுல்ல. கிளம்பு."

கிளம்பிவிட்டேன். முத்திரை குத்திய என் பிரதியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வராந்தாவில் தம்பி ஓடி வந்தான். "என்னண்ணா ஆச்சு?"

"போய் வகுப்புல உட்காருடா," என்று கத்தினேன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.