பிஸ்கட்டின் இரண்டாவது ஈற்று

தொப்பூர் கணவாய் இறக்கம் முடிகிற இடத்தில் உசேனும் அவர் மனைவி வஹிதாவும் டீக்கடை நடத்திவந்தார்கள். கடைப் பாலுக்கென்று ஒரு கலப்பின ஜெர்சிப் பசுவை வாங்கி, கடையை ஒட்டியே கட்டியிருந்தார்கள். அதன் நிறத்தைப் பார்த்து லாரி டிரைவர்கள் வைத்த பெயர் பிஸ்கட்.

எண்பத்து நாலில் பிஸ்கட் முதல் கன்றைப் போட்டது. கன்று நன்றாக இருந்தது. ஆனால் தாய்க்கு நஞ்சுக்கொடி விழாமல் உள்ளேயே தங்கிவிட்டது. காய்ச்சல் கண்டது, மடி கல்லாக வீங்கியது. பிழைத்து எழுந்ததே பெரிய காரியம். பாலும் பாதியாகிப் போனது. அதனால் பசு மறுபடி சினையானபோது வஹிதாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் தெரசாவைப் போய்க் கையோடு அழைத்து வந்தாள்.

தெரசா மாட்டைத் தொடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்நேரம் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டபடி கடை முன்னால் வந்து நின்றது. பிஸ்கட் துள்ளிக் கயிற்றை இழுத்தது. கண்கள் பிதுங்கின.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"ராத்திரி பகல்னு கெடையாதுங்க டாக்டரம்மா" என்றாள் வஹிதா.

"அப்புறம் எப்படிம்மா? பயம் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். ஒடம்புல இருக்கற சத்தெல்லாம் அதத் தாங்கறதுக்கே செலவாகுது. நீங்க போடறது வெறும் வைக்கோல். செலினியம்னு ஒரு சத்து இருக்கு. துளியூண்டுதான் வேணும். அது கொறஞ்சா நஞ்சு விழாது, மடி வீங்கும்."

"செல்லியம்மாவா? யாருங்க அது?" என்றார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உசேன்.

தெரசா வாய்விட்டுச் சிரித்தார். செலினியம் சேர்த்த தாது உப்புத் தூளை வரவழைத்துக் கொடுத்து, கூடவே ஒரு சின்னக் கரண்டியும் தந்தார். தினம் ஒரு கரண்டி தவிட்டில் கலக்க வேண்டும், பச்சைத் தீவனம் தவறாமல் போட வேண்டும், மாட்டை ரோட்டைவிட்டுத் தள்ளிக் கட்ட வேண்டும் என்றார்.

கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் புதுக் கொட்டகை எழுந்தது. ஆனால் ஹாரன் சத்தம் அங்கேயும் எட்டியது. மாரண்டஹள்ளித் தக்காளி ஏற்றிப் போகிற டிரைவர் சென்னப்பனிடம் வஹிதா முறையிட்டாள்.

"அண்ணா, புள்ளத்தாச்சி மாடு. கடைக்கிட்ட வரப்பவாவது அமுக்காதீங்க."

"என்னத்துக்கு அமுக்கறோம்? டீ ஆத்தச் சொல்லித்தான். இனிமே எறங்கி வந்தே கேக்கறம் வுடு" என்றார் சென்னப்பன். சொன்னதோடு நிற்கவில்லை. சேலம் வரைக்கும் பார்த்த டிரைவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். அதன்பின் வண்டிகள் கடை முன்னால் பூனை மாதிரி வந்து நின்றன. இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது டீயை அல்ல, பிஸ்கட்டின் சுகத்தை.

பிஸ்கட் தொட்டியை நக்கி வைக்கிற அளவுக்குத் தின்ன ஆரம்பித்தது. அதைக் கண்டு உசேனுக்கு ஆசை முற்றிவிட்டது. ஒருநாள் வஹிதா புல்லறுத்துக்கொண்டு வந்தபோது அவர் கரண்டியைத் தூக்கி வைத்துவிட்டு, கைநிறையத் தூளை அள்ளித் தவிட்டில் போட்டு முடித்திருந்தார். பசு பாதியைத் தின்றும் ஆகிவிட்டது.

"யா அல்லா! என்னங்க பண்ணிட்டீங்க?" வஹிதா தொட்டியைக் கவிழ்த்தாள்.

"துளி போட்டதுக்கே இந்தத் தெளிச்சின்னா, நெறைய போட்டா இன்னும் நல்லாருக்குமேன்னு..."

அடுத்து வந்த லாரியில் தொற்றிக்கொண்டு உசேன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தெரசா முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்லவேளை பாய், மத்த உப்புங்களோட கலந்து வந்த தூள். அரைத் தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தெனம் இப்படிப் போட்டா வால் மயிர் கொட்டும், குளம்பு கழண்டுடும். அளவோட இருந்தா மருந்து. மிஞ்சினா விஷம்."

அன்றிலிருந்து உசேன் காலையில் கடை திறந்ததும் செய்கிற முதல் வேலை பிஸ்கட்டின் வாலைத் தடவிப் பார்ப்பதுதான். ஒரு மயிர் கையோடு வந்தாலும் அவர் முகம் வெளுத்துவிடும். டிரைவர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் பிஸ்கட் கிடாரிக் கன்று ஈன்றது. வஹிதாவுக்குக் கன்றின் மேல் கண் போகவில்லை. பசுவின் பின்னாலேயே நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் டீ கேட்கவில்லை. சென்னப்பனும் இன்னும் நாலு டிரைவர்களும் கொட்டகை வாசலில் காத்திருந்தார்கள்.

வெயில் மரத்துக்கு மேலே ஏறியபோது நஞ்சுக்கொடி தானாக, முழுசாக நழுவி விழுந்தது.

"வுழுந்துடிச்சுங்க!" வஹிதா கத்தினாள். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு. உசேன் சென்னப்பனைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. இருவரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் தெரசா வந்து மடியை அழுத்திப் பார்த்தார். பஞ்சுபோல இருந்தது. கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வஹிதா காய்ச்சியிருந்தாள். ஒரு கிண்ணம் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். வஹிதா கரண்டி நிறைய அள்ளி வைத்தாள்.