அக்கா லேப்டாப் வாங்கிய சனிக்கிழமை

வீட்டில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆராய்ச்சி என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை குடை வாங்கக் கிளம்பினான். கம்பி எத்தனை, துணி என்ன துணி, காற்றடித்தால் மேல்நோக்கிப் புரளுமா என்றெல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் அந்த வருஷத்து மழையே நின்றுவிட்டது. அப்படிப்பட்ட தம்பியிடம் போய், "எனக்கு ஒரு லேப்டாப் வேணும்டா. ரொம்ப விலை வேண்டாம், தினப்படி வேலைக்கு ஆனா போதும்" என்று அக்கா சொன்னாள். சொல்லிப் பதினோரு வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பதினோரு வாரத்தில் அவன் முப்பத்தி நாலு லேப்டாப்புகளைப் பற்றிப் படித்து, பெரிய தாளில் கட்டம் போட்டு, பச்சை மையில் டிக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறியுமாக நிரப்பி வைத்திருந்தான். சாப்பிடும்போதும் அதே பேச்சு. அவன் வருவதைப் பார்த்தாலே அக்காவின் கணவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

அக்கா ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் டைப் அடித்தவள். அந்த வக்கீலுக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே கொட்டித் தீர்ப்பார். அவர் சுவரைத் தொட்டுத் திரும்புவதற்குள் அக்கா அந்த வாக்கியத்தை முடித்து அடுத்ததற்குக் காத்திருப்பாள். அவர் தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு வருஷமாக அவள் விரல்கள் கீரையும் துணியும்தான் தொட்டுக்கொண்டிருந்தன. இப்போது ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. காது கேளாத பிள்ளைகள் மற்றவர்களோடு உட்கார்ந்து படிக்கிற வகுப்புகள் அங்கே உண்டு. ஆசிரியர் பேசப் பேச அப்படியே எழுத்தாக அடித்து அந்தப் பிள்ளைகளின் திரைக்கு அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். தம்பியின் ஆபீஸ் லேப்டாப்பை இரண்டு மணி நேரம் கடன் வாங்கித் தேர்வு எழுதினாள், தேறிவிட்டாள்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு. சொந்தக் கணினி கட்டாயம்.

"அடுத்த மாசம் இன்னும் ரெண்டு மாடல் வருதுக்கா. அதையும் பாத்துட்டா..." என்று இழுத்தான் தம்பி.

"வரது வரட்டும். நாளன்னிக்குக் கடைக்குப் போறோம். போயிட்டுக் கையோட வாங்கிட்டு வரோம்."

வெளியே இவ்வளவு தெம்பாகப் பேசினாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். தேர்வில் பேசின ஆள் நிறுத்தி நிதானமாகப் பேசினார். நிஜ வகுப்பில் யார் அப்படிப் பேசப்போகிறார்கள்? ஒரு வருஷம் சும்மா கிடந்த கை ஈடுகொடுக்குமா? இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "லேப்டாப் நல்லதா அமையணும்" என்று மட்டும் நாலு தடவை சொன்னாள்.

சனிக்கிழமை காலை கடை திறந்தபோது வாசலில் முதல் ஆளாக இவர்கள்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு விற்பனைப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பேச்சு பட்டாசு மாதிரி. தம்பி தாளை விரித்தான். முப்பத்தி நாலில் கடைசியாகத் தேறியவை இரண்டு. இரண்டும் கண்ணாடி மேஜைமேல் திறந்து வைக்கப்பட்டிருந்தன.

"ராம் பின்னாடி கூட்டிக்கலாமா? ஸ்லாட் ஒண்ணா ரெண்டா? சார்ஜர் எத்தனை வாட்? பேட்டரியைத் தனியா மாத்த முடியுமா? ஃபேன் சத்தம் போடுமா?"

"சார், கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க" என்றாள் விற்பனைப் பெண்.

அக்கா குறுக்கே புகுந்து, "நான் கொஞ்சம் அடிச்சுப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரைம்மா?" என்றாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு, அவள் செட்டிங்ஸில் போய்த் தமிழைச் சேர்த்து, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துகொடுத்தாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன அடிப்பது? கடையில் எல்லோரும் தங்கள் பெயரை இரண்டு தரம் அடித்துவிட்டு எழுந்துபோவார்கள். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். பேச்சு காதில் விழுந்ததும் அவள் விரல்கள் உத்தரவு கேட்காமல் ஓடத் தொடங்கின. தம்பி பேசியது தம்பியாக, கடைப் பெண் பேசியது கடைப் பெண்ணாக, திரையில் ஏறிக்கொண்டே போயிற்று. அரைப் பக்கம் ஓடியதும் நிறுத்திப் படித்துப் பார்த்தாள்.

'ஸ்கிரீன்லஒருபுள்ளிஎரியலைன்னாமாத்தி கொடுப்பீங்களாஇல்லஅதுக்கும்ஒருவாரம் அலையணுமா'

"என்னக்கா இது, ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டு நிக்குது?"

அக்கா வலது கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரின் ஓரத்தைத் தட்டினாள். ஒன்றும் நகரவில்லை. அழுத்தித் தட்டினால் நகர்ந்தது.

"நடுவுல தட்டுங்கம்மா, விழும்" என்றாள் விற்பனைப் பெண்.

"விழும்மா. ஆனா என் விரல் பதினெட்டு வருஷமா ஓரத்துலதான் விழுந்து பழக்கம். வாத்தியார் மளமளன்னு பேசுறப்போ அது என்னைக் கேட்டுக்கிட்டா விழப்போகுது?"

"இதுக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்காங்கக்கா!" தம்பியின் குரலில் தாங்க முடியாத துக்கம்.

"கொடுத்தவங்க ஒரு நாள் முழுக்க அடிச்சுப் பாத்தாங்களான்னு கேளு."

அடுத்ததில் கீபோர்டு பழுதில்லை. ஆனால் அக்கா அதைக் கடை வாசல் பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். வீட்டில் அவள் மேஜை ஜன்னலோரம். வெளிச்சம் பட்டதும் எழுத்து மறைந்து, திரையில் அவள் முகமும் பின்னால் போன பஸ்ஸும்தான் தெரிந்தன.

"இதுல தலை வாரிக்கலாம். வேலை பாக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தம்பி தாளை மடித்துப் பையில் வைத்தான். பதினோரு வாரம் பத்து நிமிஷத்தில் காலி. விற்பனைப் பெண்ணுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கீழ்த்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துவந்து வைத்தாள். ஓரமெல்லாம் தடித்து, பள்ளிக்கூடத்து சிலேட்டு போலிருந்தது. விலையும் மற்றதைவிடக் கம்மி.

"இதை முதல் வாரத்திலேயே தள்ளிட்டேன்" என்றான் தம்பி.

"ஏன்?"

"பாக்க லட்சணமா இல்லைன்னு ஒருத்தர் வீடியோவுல சொன்னார்."

"நான் என்ன அதைக் கட்டிக்கவா போறேன்?"

விரல் வைத்ததுமே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. விசைகள் ஆழமாக இறங்கி மேலே வந்தன. ஓரத்தில் தட்டினாலும் இடைவெளி விழுந்தது. வெளிச்சத்திலும் எழுத்து மங்கவில்லை. ஆனாலும் ஒரு கால் மணி நேரமாவது தொடர்ந்து அடித்தால்தானே தெரியும்? அதற்குள் பக்கத்து மேஜைக்கு ஒரு தகப்பனும் மகளும் வந்துவிட, விற்பனைப் பெண் அங்கே நகர்ந்தாள். அவள் பேசுகிற வேகத்துக்கு எந்த வாத்தியாரும் கிட்டே நிற்க முடியாது என்று அக்காவுக்குத் தோன்றியது. அவள் பேச்சையே அடிக்க ஆரம்பித்தாள்.

தகப்பன் தச்சர். சட்டைப் பையில் தட்டைப் பென்சில், முழங்கைவரை மரத்தூள். காது கேட்காது என்பது மகள் கைஜாடை காட்டியதிலிருந்து தெரிந்தது. நர்சிங் படிப்பில் சேர்ந்திருக்கும் மகளுக்கு லேப்டாப் வாங்க வந்திருந்தார்கள். மகளின் கண் முழுக்க, விசைகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிகிற பெரிய லேப்டாப்மேல்தான்.

"அது கேம் ஆடுறவங்களுக்கும்மா" என்று விற்பனைப் பெண் பொரிந்து தள்ளினாள். "நர்சிங் படிக்க அது தேவையே இல்லை. ரெண்டு மடங்கு எடை, தூக்கிட்டு அலைஞ்சா தோள் கழண்டுடும். பேட்டரி மூணு மணி நேரம்கூட நிக்காது. எழுத, படிக்க, வகுப்பு பாக்க இந்தச் சின்னதே தாராளம். பாதி விலைதான்."

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அப்பா பக்கம் திரும்பி இரண்டே இரண்டு ஜாடை காட்டினாள். இரண்டாவது ஜாடையில் விரல் சிவப்பு லேப்டாப்பைக் காட்டி அழுத்தமாக நின்றது. அப்பா பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

ஜாடை மொழி தெரியாவிட்டாலும் அந்த விரல் போன திசை அக்காவுக்குப் புரிந்தது. ஆனால் அவள் கை நிற்கவில்லை. விற்பனைப் பெண் சொன்னது அத்தனையும், தோள் கழன்றுபோவது உட்பட, ஏற்கெனவே திரையில் ஏறிவிட்டிருந்தது. திரையோ பக்கத்து மேஜைக்கும் தெரிகிற மாதிரி திரும்பியிருந்தது.

தச்சர் தற்செயலாகத்தான் பார்த்தார். பிறகு கிட்டே வந்து குனிந்து படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மகளைப் பார்த்தார். மகள் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா அடிப்பதை நிறுத்தினாள். ஐயோ, ஒரு பிள்ளையை இப்படி மாட்டிவிட்டோமே! அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். படித்தாகிவிட்ட பிறகு அழித்து என்ன பயன்?

தச்சரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபமென்று நினைத்தால், சிரிப்பு. சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து மகளின் உச்சந்தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். ஒரு ஸ்டூலைக் காலாலேயே இழுத்து அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கையை வேகமாக அசைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் எழுதுவீங்களான்னு அப்பா கேக்கறார்" என்றாள் மகள். குரலைத் தாழ்த்தி, "நிஜமாவே அதைத்தான் கேக்கறார்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த இருபது நிமிஷம் அந்த மேஜையில் வேறு எதுவும் நடக்கவில்லை. தச்சர் கைஜாடையில் கேட்டார், மகள் அதைச் சொன்னாள், விற்பனைப் பெண் பதில் சொன்னாள், அக்கா அடித்தாள். ரிப்பேர் என்றால் எங்கே கொண்டுபோவது, மேலே தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும், மூன்று வருஷம் தாங்குமா என்று அவர் கேள்வி ஒவ்வொன்றும் ஆணி அடித்தாற்போல இருந்தது. பதில் திரையில் ஓட ஓட அவர் கண் கூடவே ஓடியது. ஓரிடத்தில் விற்பனைப் பெண், "பெட்டியைப் பத்திரமா வச்சுக்குங்க, வாரண்டி தேதி அதுலதான் இருக்கு. எங்க மேனேஜர் மறந்தாலும் பெட்டி மறக்காது" என்று சும்மா சொன்னாள். அக்கா அதையும் அடித்தாள். எல்லோரும் சிரித்த அதே நேரத்தில் தச்சரும் சிரித்தார். மகள் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தன் விரல்களைப் பற்றி அக்கா கவலைப்படவே மறந்துபோயிருந்தாள். நிறுத்திய பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. மணிக்கட்டு லேசாக வலித்தது, பழைய வலி. நன்றாக இருந்தது.

தச்சர் இப்போது வேறொரு வேலையில் இறங்கியிருந்தார். மேஜையில் இருந்த லேப்டாப்புகளின் மூடியை ஒவ்வொன்றாக ஒற்றை விரலால் திறந்தார். நாலரை நட்சத்திரத்தின் மூடியைத் தூக்கினால் அடிப்பாகமும் கூடவே எழும்பியது. இன்னொன்றின் மூடி பாதியில் தானாகச் சாய்ந்தது. சாம்பல் நிறத்தது மட்டும் அலுங்காமல் திறந்து, வைத்த இடத்தில் நின்றது. அவர் அதன் கீபோர்டில் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தார்: 'கீல் நல்ல கீல். தைரியமா வாங்குங்க.'

"கீலைப் பத்தி யாருமே எழுதலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே தம்பி தாளை வெளியே எடுத்து, கட்டத்தில் இடமில்லாமல் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

மகளுக்குச் சின்னதே முடிவாயிற்று. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். தச்சர் ஏதோ ஜாடை காட்ட, அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "சிவப்புதான் வேணும்னா பையைச் சிவப்பா வாங்கிக்கோங்கறார்."

அக்கா சாம்பல் நிறத்ததை எடுத்துக்கொண்டாள். முத்திரை உடையாத புதுப் பெட்டி வந்ததும் விற்பனைப் பெண் ரசீது போடத் திரும்ப, "இரும்மா, இதையும் அடிச்சுப் பாத்துடறேன்" என்றாள். காட்சிக்கு வைத்தது நல்லதாக இருந்தால் ஆயிற்றா? பெட்டிக்குள் இருப்பதோடுதானே குடித்தனம். எல்லா விசையையும் வரிசையாகத் தட்டி, கேமராவில் தன் முகம் பார்த்து, தம்பியை ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்கச் சொல்லி, பையில் போட்டுத் தோளில் மாட்டி நாலடி நடந்து பார்த்த பிறகே பணம் கட்டினாள்.

பஸ்ஸில் தம்பி தாளை மறுபடி விரித்து, கீல் என்று தனிக் கட்டம் போட்டான். மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு கேட்டான்.

"அக்கா, அந்த அரைப் பக்கத்துல முக்காலும் நான் பேசினதாவே இருந்துச்சே. நான் அவ்வளவா பேசறேன்?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு மண்ணைப் பற்றியது. ஆசிரியருக்கு இருமல் வேறு. நடுநடுவே இருமிக்கொண்டே, விட்ட நேரத்தைப் பிடிக்கிற மாதிரி ஓடினார். களிமண், வண்டல், மணல் என்று அக்காவும் பின்னாலேயே ஓடினாள். இரண்டு இடத்தில் தவறினாள், பிடித்துவிட்டாள். முக்கால் மணி நேரம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் திரையின் மூலையில் ஒரு மாணவியின் பெயர் மட்டும் அணையாமல் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வரி வந்தது.

'நாளைக்கும் நீங்கதானா?'

'நான்தான்' என்று அடித்துவிட்டு, அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.